விவாகரத்துக்குப் பிறகும் அதே ஆளை நீதிமன்றத்தில் எதிர்கொள்ள: குமரி மாவட்டப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால் அந்த முகத்தை இனி பார்க்க வேண்டாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. ஜீவனாம்சம் மாதக்கணக்கில் வராமல் போகும். பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு அவர் ஒரு மனு போடுவார். கல்யாணத்துக்குக் கொண்டுபோன பவுனைத் திருப்பிக் கேட்டு நீங்கள் போட்ட வழக்கு பாக்கி கிடக்கும். இல்லையென்றால் தீர்ப்பை எதிர்த்து அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயிருப்பார். ஆக, மறுபடியும் அதே வராந்தா, அதே பெஞ்சு, பத்தடி தள்ளி அதே ஆள்.

அடித்த, மிரட்டிய கணவரிடமிருந்து பிரிந்து வந்தபிறகு அவரை நீதிமன்றத்தில் சந்திக்க வேண்டிய பெண்களுக்காக, அதிலும் முதல் முறை போகிறவர்களை மனதில் வைத்து, இதை எழுதுகிறேன். நல்ல வக்கீல் இதில் பாதியைச் சொல்லிவிடுவார். வராந்தாவிலும் கூண்டிலும் நடக்கிற மீதிப் பாதி அவருக்குச் சொல்லத் தோன்றாது. அவர் தினமும் போய்வருகிற இடம் அது.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே போவது நீதிபதியிடம் பேச. அவர் வருவது பெரும்பாலும் உங்களிடம் பேச. பார்வையால் பேசுவார், செருமலால் பேசுவார், அம்மாவை அழைத்துவந்து அழவைத்துப் பேசுவார். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அந்தப் பேச்சு உங்கள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

எந்த வழக்கு, எந்த நீதிமன்றம்

கையில் வந்த சம்மனின் மேலே வழக்கு எண் இருக்கும். எச்.எம்.ஓ.பி. என்றால் இந்துத் திருமணச் சட்டப்படி போட்டது. ஐ.டி.ஓ.பி. என்றால் கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். ஜி.டபிள்யூ.ஓ.பி. என்றால் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பது. எம்.சி. என்றால் ஜீவனாம்சம். குடும்ப நல வழக்குகளுக்கு நாகர்கோவிலில் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டப்படி போடும் மனு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். நீங்கள் இருக்கிற இடத்தைப் பொறுத்து அது நாகர்கோவில், இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை, பூதப்பாண்டி என்று மாறும்.

"விவாகரத்து ஆகிவிட்டதே, இனி குடும்ப வன்முறைச் சட்டம் எனக்குப் பொருந்துமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பொருந்தும். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 'எப்போதாவது ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்கள்' என்றுதான் சொல்கிறது. கூட வாழ்ந்த காலத்தில் நடந்த வன்முறைக்கான பொறுப்பு, பிறகு வாங்கிய விவாகரத்தால் கழிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த மனு போட ஒரு வருடக் கெடு ஏதும் இல்லை என்பதையும் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022-இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆகவே 'லேட் ஆகிப்போச்சு' என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். விவாகரத்துக்குப் பிறகு பின்தொடர்ந்து வருவதும் மிரட்டுவதும் தனிக் குற்றங்கள். அவற்றுக்கு நேரே போலீசில் புகார் கொடுக்கலாம்.

ஜீவனாம்சம் கேட்கும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு ஆகியிருக்கிறது. மறுமணம் செய்யாத, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வழியில்லாத விவாகரத்தான பெண் அதில் கேட்கலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கும் இந்த வழி உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேங்காய்பட்டணம், திருவிதாங்கோடு பக்கம் இன்னமும் 'இத்தா காலத்துக்கு (விவாகரத்துக்குப் பிந்தைய காத்திருப்புக் காலத்துக்கு) மட்டும்தான்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறவர்கள் இருந்தால், இந்தத் தீர்ப்பை வக்கீலிடம் கேளுங்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய இரண்டு சிக்கல்களையும் சொல்ல வேண்டும். முதலாவது, சபையோ மறைமாவட்டத் தீர்ப்பாயமோ திருமணம் செல்லாது என்று கொடுக்கும் காகிதம். அது தேவாலயத்துக்குள் செல்லும், அரசாங்கத்தின் முன் செல்லாது. உச்ச நீதிமன்றம் 1996-இலேயே இதைச் சொல்லிவிட்டது. பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட 'பிரிவு ஒப்பந்தமும்' விவாகரத்து ஆகாது. அப்படி ஏதாவது ஒன்றை மட்டும் கையில் வைத்திருப்பவர்கள் வேறு எதற்கும் முன்னால் வக்கீலைப் பாருங்கள்.

இரண்டாவது, எல்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்து, பெண் எடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர் நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ வழக்குப் போட்டு உங்களை அலையவிடலாம். மாநிலம் விட்டு மாநிலம் வழக்கை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு. அதற்காகக் காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது: குடும்ப வன்முறை மனுவை நீங்கள் இப்போது தங்கியிருக்கிற ஊரின் நீதிமன்றத்திலேயே போடலாம், தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் சரி. ஜீவனாம்ச மனுவும் நீங்கள் வசிக்கிற இடத்திலேயே போடலாம்.

(மனைவியிடம் அடி வாங்கிய ஆண்களும் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் மூடிய அறை விசாரணை, கூண்டில் பதில் சொல்லும் முறை என்று கீழே வருகிறவை அவர்களுக்கும் உதவும்.)

வக்கீல்

பணம் இல்லை என்பதற்காக வக்கீல் இல்லாமல் போக வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச வக்கீல் வைத்துத் தர வேண்டும். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். வட்ட அளவிலும் குழுக்கள் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். சமூக நலத் துறையின் கீழ் வரும் பாதுகாப்பு அலுவலர் குடும்ப வன்முறை மனு எழுத உதவுவார். அதற்குக் கட்டணம் இல்லை. 181 பெண்கள் உதவி எண், சகி எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம் இரண்டும் இருக்கின்றன.

வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே, "அவர் என்னை அடித்திருக்கிறார், அவரை நேரில் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும்" என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். மறைக்கிற விஷயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் பக்கம் அது ஏற்கெனவே தெரியும். உங்கள் வக்கீலுக்கு மட்டும் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

உங்கள் வக்கீலும் அவருடைய வக்கீலும் கேன்டீனில் சேர்ந்து நின்று டீ குடிப்பதைப் பார்ப்பீர்கள். நாகர்கோவில் சின்ன ஊர், எல்லாரும் ஒரே சங்கம். அதைப் பார்த்து, விலைபோய்விட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் கேட்ட கேள்விக்கு மூன்று வாய்தாவாகப் பதில் இல்லையென்றால் வக்கீலை மாற்றலாம். அது உங்கள் உரிமை.

காகிதம்

ஒரே ஒரு ஃபைல் போதும். முதல் தாளில் என்ன நடந்தது என்று தேதி வாரியாக எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தேதி ஞாபகமில்லையென்றால் 'குருசடித் திருவிழாவுக்கு முந்தின வாரம்', 'மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது' என்று எழுதினால் போதும். ஊகித்துத் தேதி போட்டுவிட்டு, பிறகு குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அதற்குப் பின்னால் விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல். இதை நகல் மனு போட்டு நீதிமன்றத்திலிருந்தே வாங்க வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையிலோ வேறு எங்கோ சிகிச்சை எடுத்திருந்தால் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பி. போலீசில் புகார் கொடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் ரசீது. பாஸ்புக் பக்கங்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டண ரசீதுகள்.

போனில் இருக்கும் செய்திகளை அழிக்கவே வேண்டாம். போனை மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். வெறும் ஸ்க்ரீன்ஷாட் பிரிண்டை நீட்டினால் எதிர்ப்பு வரும். கணவன் மனைவி பேசியதை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது இரு பக்கமும் வெட்டும். நீங்கள் கோபத்தில் பேசியதும் அவர் போனில் இருக்கலாம்.

ஜீவனாம்ச வழக்கென்றால் அவருடைய வருமானத்துக்கு ஆதாரம் தேடுங்கள். இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இருக்கிறது. அங்கே பார்த்தால் வளைகுடாவில் ஃபோர்மேனாக இருப்பவர் 'வேலையில்லை' என்று எழுதியிருப்பார். விசைப்படகில் பங்கு வைத்திருப்பவர் 'கூலித்தொழில்' என்பார். ரப்பர் தோட்டம் அண்ணன் பேருக்கு மாறியிருக்கும். படகின் பதிவு எண், வில்லங்கச் சான்று, அவரே போட்ட ஃபேஸ்புக் படம், வங்கிக்கு வந்த பணம் என்று எது கிடைத்தாலும் வக்கீலிடம் கொடுங்கள். சரியா தவறா என்று நீங்களே வடிகட்ட வேண்டாம்.

வாய்தா நாளுக்கு முன்னால்

ஈகோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரும் தனி அடையாள எண்) போட்டால் அடுத்த தேதியும், அன்று என்ன நடக்க வேண்டும் என்பதும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் வக்கீலையோ அவருடைய குமாஸ்தாவையோ கூப்பிட்டு, "நாளைக்கு நான் வர வேண்டுமா?" என்று கேளுங்கள். பல வாய்தாக்களுக்கு நீங்கள் வர வேண்டியதே இல்லை. தேவையில்லாத நாளில் போய் அவர் முகத்தைப் பார்ப்பானேன்? வக்கீல்கள் புறக்கணிப்பு என்று வேறு ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் போனால் வெறும் பஸ் காசுதான் நஷ்டம்.

மூடிய அறை விசாரணை கேட்க விரும்பினால் அதற்கான மனுவை முன்கூட்டியே போடச் சொல்லுங்கள். குடும்ப நீதிமன்றத்தில் ஒரு தரப்பு கேட்டாலே போதும், மூடிய அறையில் நடத்த வேண்டும் என்று குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் சம்மதம் தேவையில்லை. குடும்ப வன்முறை வழக்கிலும் மாஜிஸ்திரேட் அப்படி நடத்தலாம். இது அவரை வெளியே அனுப்பாது. ஆனால் அவர் கூட்டிக்கொண்டு வரும் பத்துப் பேரை வெளியே நிறுத்தும். அதுவே பெரிய விஷயம். நேரில் வருவதே ஆபத்து என்றால் காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். அது நீதிபதியின் முடிவு.

நீங்கள் இப்போது இருக்கும் வீடு அவருக்குத் தெரியாது என்றால், புது முகவரியை மனுவில் எப்படிக் காட்டுவது என்று தாக்கல் செய்வதற்கு முன்னாலேயே வக்கீலிடம் பேசுங்கள். தாக்கலான பிறகு அதன் நகல் அவர் கைக்குப் போய்விடும். போனில் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையும் இருப்பிடப் பகிர்வையும் ஒருமுறை பாருங்கள். அந்தக் கணக்கை உருவாக்கிக் கொடுத்ததே அவராக இருக்கலாம்.

கூட யாரை அழைத்துப் போவது? அண்ணன் தம்பியைக் கூட்டிப்போவது இயல்பு. ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் உங்களைச் சீண்ட மாட்டார், அண்ணனைச் சீண்டுவார். அண்ணன் கையை ஓங்குவார். மறுநாள் அண்ணன் பேரில் ஒரு புகார் இருக்கும், சமாதானம் பேச அது அவருக்கு ஒரு பிடி. மைனியோ சித்தியோ, வேலை செய்யும் இடத்தில் நிதானமான ஒரு அக்காவோ வந்தால் நல்லது. அவர்களுக்கு ஒரே வேலை: உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உட்காருவது. யாரிடமும் பதில் பேசக் கூடாது என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.

வராந்தா

பத்தரைக்கு நீதிமன்றம் கூடும். பத்து மணிக்கே போய்விடுங்கள். வடசேரியிலோ அண்ணா பஸ் நிலையத்திலோ இறங்கி நீங்கள் வழக்கமாக வருகிற பாதை அவருக்குத் தெரிந்ததாக இருந்தால், அன்றைக்கு ஆட்டோ பிடியுங்கள். நேரே வக்கீல் இருக்கும் இடத்துக்குப் போங்கள், இல்லையென்றால் பெண் காவலர் நிற்கும் பக்கமாகப் போய் உட்காருங்கள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்: "மேடம், என் முன்னாள் கணவர் வருவார், பாதுகாப்பு உத்தரவு இருக்கு, கொஞ்சம் பார்த்துக்கோங்க." குடும்ப வன்முறை வழக்கில் அவர் உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வாங்கிய அந்த உத்தரவின் நகல் கைப்பையில் மேலாக இருக்கட்டும்.

டவாலி (நீதிமன்றச் சேவகர்) பெயரைக் கூப்பிடும்போது உடனே எழுந்து உள்ளே போக வேண்டும். கூப்பிட்டு ஆள் இல்லையென்றால் உங்கள் மனு தள்ளுபடியாகலாம், அல்லது அவர் வழக்கில் நீங்கள் வராதவராக எழுதப்படலாம். ஆகவே டாய்லெட் போனாலும் கூட வந்தவர் அங்கேயே நிற்க வேண்டும். வழக்கு கூப்பிட மதியம் ஆகலாம். தண்ணீர், இரண்டு வாழைப்பழம், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரை கொண்டுபோங்கள். காலை ஆகாரம் இல்லாமல் வந்து கூண்டில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

அவர் வருவார். நேரே பக்கத்தில் வந்து, "ஏட்டி, ஒரு நிமிஷம் நில்லு, பிள்ளை விஷயம்" என்பார். பிள்ளை என்றால் நிற்கத்தான் தோன்றும். நிற்க வேண்டாம். "வக்கீலிடம் சொல்லச் சொல்லுங்கள்" என்று கூட வந்தவர் சொல்லட்டும், ஒரே தடவை. நீங்கள் நின்று பேசினால் அந்தப் பேச்சுக்குச் சாட்சி கிடையாது. அதில் மிரட்டினால் 'அன்பாகத்தான் பேசினேன்' என்பார். நீங்கள் கத்தினால் சாட்சி நிறைய இருக்கும்.

அவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் வரமாட்டார், பவர் எழுதிவாங்கிய அவருடைய அப்பாவோ தம்பியோ வருவார். சில பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம், அந்த வீட்டில் அடிவாங்கும்போது பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்தான். விதி அதேதான். உள்ளே தவிர வேறெங்கும் பேச்சில்லை.

கூண்டு

இங்கேதான் பயம் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குடும்ப நீதிமன்றத்தில் உங்கள் முதல் விசாரணை, அதாவது உங்கள் தரப்பை நீங்களே சொல்லும் சாட்சியம், பெரும்பாலும் எழுத்தில்தான், பிரமாண வாக்குமூலமாகத் தாக்கலாகும். அதை வக்கீல் ஆபீசில் நின்றபடி கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். பழைய வழக்கு ஒன்றிலிருந்து எடுத்த வாசகம் உங்களுடையதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். உங்களுக்கு ஒரே பிள்ளை, அதில் இரண்டு என்று இருக்கும். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான்.

கூண்டில் ஏறியதும் எங்கே பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். கேள்வி கேட்பது அவர் வக்கீலாக இருந்தாலும் பதில் நீதிபதிக்கு. நீதிபதியின் மேசையைப் பாருங்கள், அல்லது தட்டச்சு செய்கிறவரைப் பாருங்கள். "ஐயா", "அம்மா" என்றால் போதும், 'மை லார்ட்' எல்லாம் வேண்டாம். அவரைப் பற்றிச் சொல்லும்போது 'எதிர்மனுதாரர்' என்று சொல்லப் பழகுங்கள். பேரையோ 'அந்த மனுஷன்' என்றோ சொல்ல ஆரம்பித்தால் பழைய வீட்டுக்குள் போன மாதிரி குரல் மாறிவிடும்.

நம் நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணைக் கேள்விகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வரும்: "இப்படி இப்படி என்று சொன்னால் சரிதானே?" அதற்குப் பதில் மூன்றுதான்: சரி, சரியல்ல, தெரியாது. உண்மையில் ஞாபகமில்லையென்றால் ஞாபகமில்லை. பேசாமல் இருந்துவிடாதீர்கள். மறுக்காமல் விட்டால் ஒப்புக்கொண்டதாக வாதம் வைப்பார்கள்.

ஒரு மாதிரி பாருங்கள்.

"உங்கள் இடது கை ஒடிந்தது மாடிப்படியில் விழுந்ததால்தான் என்று சொன்னால் சரிதானே?"

"சரியல்ல."

"ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 'தானாகக் கீழே விழுந்ததாக' என்று எழுதியிருக்கிறதே?"

"ஆமாம். அன்றைக்கு எதிர்மனுதாரர் என் பக்கத்தில் நின்றார். அதனால் அப்படிச் சொன்னேன்."

அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் 'அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது தெரியுமா...' என்று போக வேண்டாம். இந்தக் கேள்வி ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். டாக்டரிடம் பொய் சொல்லித்தான் அந்த நாட்களைக் கடந்திருப்போம். ஆகவே அந்தக் காரணத்தை வாக்குமூலத்திலேயே முன்கூட்டி எழுதிவிடச் சொல்லுங்கள். அப்போது கேள்வி வரும்போது அது புதிதாகச் சொன்ன கதையாகத் தோன்றாது.

அடுத்தது வாட்ஸ்அப். "அடித்ததாகச் சொல்லும் தேதிக்கு மறுநாள், 'சாப்பிட்டீங்களா' என்று நீங்களே செய்தி அனுப்பியிருக்கிறீர்கள், சரிதானே?" சரி என்றால் சரி என்று சொல்லுங்கள். அடி வாங்கிய பெண் மறுநாள் சாப்பாடு போடுவாள் என்பது நீதிபதிக்கும் தெரியாத விஷயமில்லை. அனுப்பியதை இல்லையென்று சொல்லி, அவர்கள் போனை எடுத்துக் காட்டுவதுதான் வழக்கைக் கெடுக்கும்.

நடத்தையைப் பற்றிய கேள்வி வரும். வேலைக்குப் போகிற இடத்தில் ஒருவரைச் சேர்த்துப் பேசுவார்கள். நோக்கம் உங்களை அழவைப்பது, அல்லது கத்தவைப்பது. "சரியல்ல" என்ற ஒரே சொல்லை ஒரே குரலில் சொல்லுங்கள். அவமானப்படுத்தவென்றே கேட்கும் கேள்விகளைத் தடுக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். அவர் எழாவிட்டால், "ஐயா, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லணுமா?" என்று நீதிபதியிடம் நீங்களே கேட்கலாம்.

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாக இல்லை, நீதிமன்ற அனுமதியோடு நடப்பது. ஆகவே சிலர் வேண்டுமென்றே வக்கீல் இல்லாமல் தாங்களே நின்று உங்களைக் கேள்வி கேட்க வருவார்கள். வருடக்கணக்கில் உங்களை விசாரித்தவர் மறுபடி விசாரிக்கிறார் என்றால் உடம்பு நடுங்கத்தான் செய்யும். இப்படி நடக்கும் என்று தெரிந்தால் முந்தியே ஒரு மனு போடச் சொல்லுங்கள்: கேள்விகளை எழுதிக் கொடுக்கட்டும், நீதிபதி வழியாகக் கேட்கட்டும் என்று. அந்த அறையை நடத்துகிறவர் நீதிபதி. கேட்டால் ஏற்பாடு செய்யக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

மூச்சு முட்டினால் தண்ணீர் கேளுங்கள். உட்கார நாற்காலி கேளுங்கள். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். இதெல்லாம் பலவீனம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அழுகை வந்தாலும் பரவாயில்லை, அழுதுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இறங்குவதற்கு முன் தட்டச்சான சாட்சியத்தைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். 'சரியல்ல' என்று நீங்கள் சொன்னது 'சரிதான்' என்று பதிவாகியிருக்கலாம். அங்கேயே, அப்போதே சொல்லுங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.

வெளியே வரும்போது அவரோடு சேர்ந்து படி இறங்க வேண்டாம். வக்கீல் இருக்கும் இடத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்து, அவர் வண்டி போன பிறகு கிளம்புங்கள்.

சமாதானம் பேச வருகிறவர்கள்

குடும்ப நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்யும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆலோசகரிடம் அனுப்பினால், நடந்த வன்முறையைச் சொல்லி, "எங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்" என்று கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஊரில் வருகிற சமாதானம் வேறு வகை. சபையின் பெரியவர், ஊர்க் கமிட்டி ஆள், தூரத்து மாமா என்று யாராவது வீடு தேடி வந்து, "கேஸை வாபஸ் வாங்கு பிள்ளே, பணம் நான் வாங்கித் தாரேன்" என்பார்கள். நல்ல மனசோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எந்தப் பேச்சாக இருந்தாலும் எழுத்தில் வரட்டும், வக்கீல் பார்க்கட்டும், நீதிமன்றத்தில் பதிவாகட்டும். பணம் கைக்கு வருவதற்கு முன் எந்த மனுவையும் வாபஸ் வாங்காதீர்கள்.

பிள்ளையைப் பார்க்க வருவது

அடித்தவருக்கும் பிள்ளையைப் பார்க்கும் அனுமதியை நீதிமன்றம் கொடுக்கலாம். அதை முழுதாக எதிர்ப்பதைவிட, எங்கே, எப்படி என்பதைக் கறாராகக் கேட்பது பெரும்பாலும் பலன் தரும். நீதிமன்ற வளாகத்திலோ, ஆள் நடமாட்டமுள்ள பொது இடத்திலோ, பகல் நேரத்தில், உங்கள் தரப்பில் இன்னொருவர் கொண்டுவந்து விடுவதாக உத்தரவு வாங்குங்கள். 'வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம்' என்று மட்டும் எழுதிய உத்தரவு உங்களுக்கு வாரந்தோறும் சண்டை. உத்தரவு இருக்கும்போது பிள்ளையைக் காட்டாமல் இருக்க வேண்டாம், அதுவே உங்களுக்கு எதிரான மனுவாக வரும். பிள்ளை பயந்து வந்தால் அன்றைய தேதியைப் போட்டு எழுதி வையுங்கள், வக்கீலிடம் சொல்லுங்கள்.

உத்தரவு வந்த பிறகு

குடும்ப வன்முறை வழக்கில் உத்தரவின் நகலை இலவசமாகவே தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். நாலு நகல் எடுத்து, ஒன்றை உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சலில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. பிள்ளை படிக்கும் பள்ளியில் ஒன்று கொடுங்கள்.

பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது ஜாமீனில் விட முடியாத குற்றம், போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். ஆகவே "கோர்ட்ல போய்ப் பார்த்துக்கோங்க" என்று நிலையத்தில் சொன்னால், உத்தரவின் நகலை மேசைமேல் வைத்து 31, 32-ஆம் பிரிவுகள் என்று சொல்லுங்கள். அவசரத்துக்கு 112.

அந்த வழக்கின் உத்தரவை எதிர்த்து செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போக 30 நாள் உண்டு, உங்களுக்கும் அவருக்கும். ஜீவனாம்ச பாக்கியைப் பொறுத்தவரை தேதியைக் கவனியுங்கள். 144-ஆம் பிரிவு உத்தரவென்றால், ஒவ்வொரு மாதத் தொகையும் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். 'தருவார், தருவார்' என்று இரண்டு வருடம் காத்திருந்தால் பழைய பாக்கியை அந்த வழியில் வசூலிப்பது கஷ்டம். மாதம் பிறந்து பத்து நாளில் பணம் வரவில்லையென்றால் பாஸ்புக்கில் பதிவு போட்டு வைத்துக்கொண்டு வக்கீலுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்தால் வாங்க வேண்டாம், வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ரொக்கம் கொடுக்கிற சாக்கில்தான் சிலர் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள்.